வீக்எண்டு காக்டெய்லும் ஓமந்தூராரும்: ஒரு மாகாணத்தையே 'டிரை' ஆக்கிய திண்டிவனத்துக்காரர்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும், இன்ஸ்டாவைத் திறந்தாலே மிக்ஸி சத்தம்தான். அன்னாசிப்பழத் துண்டு, தேங்காய்ப் பால், ஐஸ், கொஞ்சம் ரம். எல்லாத்தையும் போட்டு ஒரு சுத்து சுத்தினா நுரை பொங்க 'பினா கோலாடா' ரெடி. மாம்பழமோ ஸ்ட்ராபெர்ரியோ போட்டா 'ஃப்ரோஸன் டைக்கிரி'. பாருக்குப் போக வேண்டாம், வீட்டு கிச்சனே போதும்னு சொல்ற ரீல்ஸ்களுக்கு லட்சக்கணக்கில் வியூஸ்.

இன்னொரு கூட்டம் பைக், காரை எடுத்துக்கிட்டு புதுச்சேரிக்குக் கிளம்பும். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி ரோட்டில் வந்து, திண்டிவனத்தில் இடதுபக்கம் திரும்பினால் புதுச்சேரி. அப்படித் திரும்புகிற யாருக்காவது அந்தத் திண்டிவனம் வட்டாரத்து விவசாயி ஒருவர், இந்த மொத்த மாகாணத்திலும் ஒரு சொட்டு மது கிடைக்கக் கூடாது என்று சட்டத்தை முழுசாகக் கொண்டுவந்தவர் என்பது ஞாபகம் வருமா? சந்தேகம்தான்.

அவர்தான் ஓமந்தூர் பெ.ராமசாமி ரெட்டியார். சுருக்கமா, ஓமந்தூரார். சென்னைவாசிகளுக்கு அண்ணா சாலையில் இருக்கிற ஓமந்தூரார் அரசினர் தோட்டம், அங்கே இருக்கிற மல்டி ஸ்பெஷாலிட்டி மருத்துவமனை மூலமாக அந்தப் பேர் தெரியும். ஆனா, அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கும் மனிதரைத் தெரிந்தவர்கள் குறைவு.

ஓமந்தூர் டு ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ்

1895, பிப்ரவரி 1-ம் தேதி திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்தார் ராமசாமி ரெட்டியார். விவசாயக் குடும்பம். இப்போது அந்த ஊர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் காலத்தில் விழுப்புரம் மாவட்டம்னு ஒண்ணு கிடையாது. திண்டிவனம், விழுப்புரம், கடலூர், வடலூர் எல்லாமே தென்னார்க்காடு மாவட்டம்தான். 1993-ல்தான் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது.

திண்டிவனத்தில் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தார். பெரிய பட்டம், வெளிநாட்டுப் படிப்பு எதுவும் கிடையாது. அந்தக் காலத்து காங்கிரஸ் தலைவர்களில் பலர் வக்கீல்கள். ஆங்கிலத்தில் பொளந்து கட்டுவார்கள். ஓமந்தூரார் அந்த வரிசையில் சேராதவர். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, நிலம், மாடு, இதுதான் அவர் உலகம். காந்தி மீது இருந்த ஈடுபாடு அவரை சுதந்திரப் போராட்டத்துக்குள் இழுத்து வந்தது. தென்னார்க்காட்டில் காங்கிரஸைக் கட்டி வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆனார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினராக இருந்தார்.

இன்னொரு பக்கம் அவர் முழு ஆன்மிகவாதி. திருவண்ணாமலை ரமண மகரிஷியின் பக்தர். வடலூர் வள்ளலாரின் வழியைத் தன் வழியாக எடுத்துக்கொண்டவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் முதல் வழிபாடு என்ற வள்ளலாரின் கொள்கை, அவரைக் கடைசி வரை விடவே இல்லை.

1947, மார்ச் 23. டி.பிரகாசத்தின் அமைச்சரவை கட்சிக்குள்ளேயே ஆதரவு இழந்து கவிழ்ந்த பிறகு, காமராஜர் தரப்பு ஆதரவோடு சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் ஓமந்தூரார். ஆமா, அப்போ மாகாண முதல்வரை 'பிரதமர்'னுதான் சொல்வார்கள். ஐந்தே மாதத்தில் ஆகஸ்ட் 15 வந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் பதவி ஏற்று, சுதந்திர இந்தியாவில் அந்த நாற்காலியில் தொடர்ந்தவர் அவர். அதனால்தான் சுதந்திரத்துக்குப் பிறகான முதல் முதல்வர் என்ற பெருமையும் அவருக்கே.

இரண்டு வருஷம்... எத்தனை சட்டம்!

அவர் ஆட்சியில் இருந்தது வெறும் இரண்டு வருஷம், சில நாள்கள். ஆனா, அந்த லிஸ்ட்டைப் பாருங்க.

1947-ல், கோயிலுக்குள் போக முடியாமல் தடுக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மாகாணம் முழுக்கக் கதவைத் திறந்துவிட்ட கோயில் நுழைவு அனுமதிச் சட்டம். அதே வருஷம், பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையைத் தடை செய்த சட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலிருந்து போராடிய விஷயம் அது. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். 1949-ல் பாரதியார் படைப்புகளை அரசு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கும் முடிவு. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டைப் பாடலாம், அச்சடிக்கலாம் என்று இருப்பதற்குத் தொடக்கப்புள்ளி அதுதான்.

எல்லாம் கைதட்டல் வாங்கியவை மட்டும் இல்லை. 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது அவருடைய அரசுதான். தமிழ்நாட்டில் அதற்குப் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கதை முழுசாகும்.

அந்த லிஸ்ட்டில்தான் வருகிறது மதுவிலக்கு.

அக்டோபர் 2, 1948

மதுவிலக்கு ஓமந்தூராரின் சொந்த ஐடியா இல்லை. 1937-ல் ராஜாஜி முதல்முறை ஆட்சிக்கு வந்ததும் சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்தார். கள், சாராயக் கடைகளின் வரி போனால் கஜானாவுக்கு என்ன வழி? அதற்காக 1939-ல் கொண்டுவரப்பட்டதுதான் பொது விற்பனை வரி. இன்னிக்கு நம்ம பில்லில் இருக்கிற ஜி.எஸ்.டி-யின் கொள்ளுத்தாத்தா என்று அதைச் சொல்லலாம். மதுவை நிறுத்தப் பிறந்த வரி அது. ராஜாஜி பதவி விலகிய பிறகு, போர்க்காலத்தில் வெள்ளைக்கார அரசு மதுவிலக்கைக் கைவிட்டது.

1946-ல் காங்கிரஸ் திரும்ப வந்ததும் சில மாவட்டங்களில் மறுபடியும் தொடங்கியது. ஓமந்தூரார் அதைப் படிப்படியாக விரிவாக்கி, 1948, அக்டோபர் 2-ம் தேதி மாகாணம் முழுவதையும் மதுவிலக்கின் கீழ் கொண்டுவந்தார். காந்தி சுடப்பட்டது அந்த வருஷம் ஜனவரி 30-ம் தேதி. அவர் இல்லாமல் வந்த முதல் காந்தி ஜயந்தி அது. அந்தத் தேதிக்கு அர்த்தம் அப்படி.

மாகாணம்னா இப்போதைய தமிழ்நாடு மட்டும் இல்லை. வடக்கே விசாகப்பட்டினம் வரை ஆந்திரக் கடற்கரை, ராயலசீமா, மேற்கே மலபார், தென் கனரா எல்லாம் சேர்ந்தது. அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் ஒரே நாளில் கடைசிக் கடையும் மூடப்பட்டது.

குடும்பத் தலைவனின் கூலி கள்ளுக்கடையிலேயே கரைந்துபோன வீடுகளில், அந்த அக்டோபர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு அரிசி வந்தது. காந்தியும் ஓமந்தூராரும் எதிர்பார்த்தது அதைத்தான்.

ஆனா, இன்னொரு வீடும் இருந்தது. பனையேறியின் வீடு.

பனைமரத்தின் இரண்டு கலயங்கள்

விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், வயல் வரப்பு முழுக்கப் பனைமரம். பாளையைச் சீவி கலயத்தைக் கட்டினால் வடிவது கள் ஆகிவிடும். அதே கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் புளிக்காது, பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, நடுவில் ஒரு பூச்சு சுண்ணாம்புதான் வித்தியாசம். அந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான் 1948-க்குப் பிறகு சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவிலான கோடு.

தலைமுறை தலைமுறையாக மரம் ஏறியவர்களுக்கு ஒரே உத்தரவில் தொழில் மாறியது. அரசு அவர்களுக்கு மாற்று வழியாகப் பதநீர் இறக்குவதையும், அதைக் காய்ச்சி வெல்லம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களையும் முன்வைத்தது. விறகு, உழைப்பு, காய்ச்ச ஆகும் நேரம் எல்லாம் கணக்குப் போட்டால், கள் கொடுத்த வருமானத்தைக் கருப்பட்டி கொடுப்பது கஷ்டம். நல்ல நோக்கத்தில் வரும் சட்டத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மதுவிலக்கில் அந்த விலையின் பெரிய பங்கைக் கொடுத்தது பனையேறிகள்.

பாண்டிச்சேரி: நம்ம ஊர் ஹவானா

இங்கேதான் நம்ம காக்டெய்ல் கதை திரும்ப வருது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தது. தாகம் எடுத்த அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்தில் இருந்த கியூபாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஹவானா நகரின் பார்கள் நிரம்பி வழிந்தன. ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்த்த டைக்கிரி உலகப்புகழ் அடைந்ததில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. பிறகு எலெக்ட்ரிக் பிளெண்டர் வந்ததும் அதே டைக்கிரி ஐஸோடு அரைபட்டு 'ஃப்ரோஸன்' ஆனது. அதாவது, இன்றைக்கு நாம் ஜாலியாகப் பார்க்கிற 'பழம் + ரம் + மிக்ஸி' ரெசிப்பிக்குப் பின்னால் ஒரு மதுவிலக்குக் கதையும் ஒளிந்திருக்கிறது.

நம்ம ஊரில் அந்த ஹவானா, பாண்டிச்சேரி. 1948-ல் அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. ஓமந்தூராரின் சட்டம் அங்கே செல்லாது. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஒரு எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் கடை. மதுவிலக்கைக் கொண்டுவந்தவரின் சொந்த மண்தான் அதைக் காப்பாற்றுவதற்கு மிகக் கடினமான இடமாக இருந்தது. 1954-ல் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அங்கே சட்டம் தனிதான். இன்றும் இந்த ரூட்டில் செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறந்து காட்டிய அனுபவம் பலருக்கு இருக்கும்.

சொல்லப்போனால் 1954-க்கு இன்னொரு சிறப்பும் இருக்கு. போர்ட்டோ ரிகோ தீவின் சான் ஹுவான் நகர ஹோட்டல் ஒன்று, பினா கோலாடா பிறந்த வருஷமாகச் சொல்வதும் அதே 1954-ஐத்தான்.

மாகாணத்துக்குள்ளும் எல்லோரும் குடியை மறந்துவிடவில்லை. வசதியானவர்களுக்கு மருத்துவக் காரணம் காட்டி 'பெர்மிட்' வாங்கும் வழி இருந்தது. ஏழைகளுக்குக் கள்ளச்சாராயம், டிஞ்சர், வார்னிஷ். ஒரே சட்டம், இரண்டு வாழ்க்கை.

நாற்காலியிலிருந்து வடலூருக்கு

ஓமந்தூரார் பிடிவாதக்காரர். நிர்வாகத்தில் கட்சிக்காரர்கள் தலையிடுவது அவருக்குப் பிடிக்காது. சிபாரிசு, சலுகை என்று வருகிறவர்களுக்கு அவர் வாசல் திறக்காது என்பது அன்றைய அரசியலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்தத் தரப்பு அவரைக் கொண்டுவந்ததோ, அதே தரப்போடு உரசல் வளர்ந்தது. கட்சிக்குள் ஆதரவு போனது. 1949, ஏப்ரல் 6-ம் தேதி பதவியிலிருந்து இறங்கினார். பி.எஸ்.குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

அடுத்து என்ன? தனிக் கட்சியா, கோஷ்டியா, டெல்லிக்குக் காவடியா? எதுவும் இல்லை. வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையும் 1872-ல் எழுப்பிய சத்திய ஞான சபையும் இருக்கிற ஊர். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை உருவாக்கி, கல்விப் பணியிலும் அன்னதானப் பணியிலும் மிச்ச வாழ்க்கையைக் கழித்தார். ஒரு மாகாணத்தையே ஆண்டவர், அதன் பிறகு இருபது வருஷங்களுக்கு மேல் அதிகாரம் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வாழ்ந்தார். ரிட்டையர்மென்ட் பிளான் என்றால் இதுவல்லவா!

1970, ஆகஸ்ட் 25-ம் தேதி மறைந்தார்.

சரியாக ஒரு வருஷம். 1971 ஆகஸ்ட் முடிகிற நேரத்தில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்தியது அன்றைய கருணாநிதி அரசு. 23 வருஷங்களுக்குப் பிறகு கள், சாராயக் கடைகள் திறந்தன. அதைப் பார்க்க அவர் இல்லை.

அதற்குப் பிறகு...

1974-ல் திரும்பவும் கடைகள் மூடப்பட்டன. 1981-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் மறுபடி திறந்தன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கே போனது. விற்பனை வரியைக் கண்டுபிடித்து மதுவை விட்ட அரசு, பிறகு இரண்டு வருமானத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டது.

2023 மே மாதம், ஓமந்தூர் இருக்கிற அதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரணங்கள். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல். 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் 60-க்கும் அதிகமானவர்கள். இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். கடைகள் மூடியிருந்த காலத்தில் வந்த சாவு, கடைகள் திறந்திருக்கும் காலத்திலும் வருகிறது. இரண்டு காலத்திலும் செத்தவர்கள் கூலிவேலை செய்கிறவர்கள்.

மெத்தனாலைப் பற்றி இங்கே ஒரு நிமிஷம் சீரியஸாகப் பேசிவிடலாம். அது தொழிற்சாலைக் கரைப்பான். வாசனையிலும் சுவையிலும் வழக்கமான ஆல்கஹால் மாதிரியே இருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும், பிறகு உயிரை. பழச்சாறு கலந்தாலும், வடிகட்டினாலும், ஐஸ் போட்டு அரைத்தாலும் அது போகாது. அதனால் ஊர்ப் பக்கம் கிடைக்கிற 'லோக்கல் சரக்கு', யாரோ கொடுத்த லேபிள் இல்லாத பாட்டில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே காய்ச்சிப் பார்ப்பது... எதுவும் வேண்டாம். இது சட்ட விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம்.

ஓமந்தூரார் ஸ்பெஷல்: ரம் இல்லாத பினா கோலாடா!

லைஃப்ஸ்டைல் பக்கத்துக்கு வந்துட்டு ரெசிப்பி இல்லாம போகலாமா?

ரம் எதிலிருந்து வருகிறது? கரும்பிலிருந்து. சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகை நொதிக்கவைத்து, காய்ச்சி வடிப்பது ரம். விழுப்புரம் மாவட்டம் கரும்புக்குப் பேர்போனது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை பக்கம் போனால் காற்றிலேயே அந்தப் பாகு வாசனை வரும். டார்க் ரம்மின் கருகிய இனிப்பு வாசனைக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது எது தெரியுமா? நம்ம கருப்பட்டி.

இரண்டு கிளாஸுக்கு அளவு இது. தோல் சீவி நறுக்கிய அன்னாசித் துண்டுகள் இரண்டு கப். முந்தின நாள் ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்துவிடுங்கள். பழமே ஐஸ் வேலையைப் பார்த்துவிடும், தண்ணி விட்டுப் போகாது. கெட்டித் தேங்காய்ப் பால் அரை கப். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, லேசாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்த பாகு மூன்று டேபிள்ஸ்பூன். அரை மூடி எலுமிச்சைச் சாறு. ஒரு சிட்டிகை உப்பு, மரக்காணம் உப்பு என்றால் இன்னும் பொருத்தம்.

முதலில் தேங்காய்ப் பால், பாகு, எலுமிச்சைச் சாறு, உப்பு. அதற்கு மேல் உறைந்த அன்னாசி. இந்த வரிசை முக்கியம். அடியில் திரவம் இருந்தால்தான் மிக்ஸி பிளேடு சிக்காமல் சுற்றும். விட்டு விட்டு அரையுங்கள், தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் உருகிவிடும். ஸ்பூனில் எடுத்தால் மெதுவாக விழுகிற பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அதனால் பாகைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றலாம்.

ஒரிஜினல் ரெசிப்பியில் இதோடு ரம் சேரும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அது சட்டப்படியே கிடையாது. அதற்கு மேல் இருப்பவர்களுக்கும் ஒரு விஷயம்: பழமும் இனிப்பும் சேர்ந்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே தெரியாது. இந்த வகை பானங்களின் கவர்ச்சியும் ஆபத்தும் அதுதான். கருப்பட்டி வெர்ஷனில் அந்தக் கவலை இல்லை. கூடவே, ஏதோ ஒரு பனையேறி வீட்டுக்கு நாலு காசு போய்ச் சேரும்.

கடைசியாக ஒரு விஷயம்...

ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பிப்ரவரி 1-ம் தேதி மாலை விழும். மற்ற நாள்களில் அதைத் தாண்டிப் போகிற நமக்கெல்லாம் புதுச்சேரி அவசரம்.

அவர் கொண்டுவந்த மதுவிலக்கு ஜெயித்ததா, தோற்றதா? இரண்டு பக்கமும் பேச ஆள் இருக்கு. வீட்டுக்கு அரிசி வந்ததும் உண்மை, பனையேறி தொழில் போனதும் உண்மை, எல்லைக்கு அந்தப் பக்கம் கடை ஓடியதும் உண்மை. ஆனா, வருமானம் போகும் என்று தெரிந்தே ஒரு முடிவை எடுத்து, பதவி போனபோது ஒரு பையோடு கிளம்புகிற மாதிரி அமைதியாகக் கிளம்பிப் போனவர் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

வருஷத்தில் சில நாள்கள் டாஸ்மாக் மூடியிருக்கும். அதில் ஒன்று அக்டோபர் 2. இன்னொன்று வள்ளலார் நினைவு நாள். ஒன்று அவர் மதுவிலக்கை முழுமையாக்கிய தேதி, மற்றொன்று அவர் மனசுக்குள் வைத்திருந்த மகானின் நாள். திட்டமிட்டுச் செய்த மாதிரி இருக்கிறது இல்லையா?

அடுத்த முறை கடை மூடியிருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும்போது, அந்தத் திண்டிவனத்துக்காரரை ஒரு செகண்டு நினைச்சுக்கோங்க. ஃப்ரீஸரில் அன்னாசி இருந்தா, மிக்ஸியையும் எடுங்க!